பக் கன்வெர்ட்டரைக் கையால் கட்டி அளப்பது: பவர் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்துக்கான முழு வழிகாட்டி

ஆயத்தப் பெட்டியின் குமிழைத் திருகி, திரையில் தெரியும் சதுர அலையை ரெக்கார்டு நோட்டில் வரைந்துவிட்டு வந்தால் மதிப்பெண் கிடைக்கும். மாஸ்ஃபெட் (சுவிட்ச்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) சூடாகுமா டையோடு சூடாகுமா என்று கேட்டால் மட்டும் விழிக்க வேண்டியிருக்கும். தானே சாலிடர் செய்த சுற்று அந்தக் கேள்வியைத் தப்பவிடாது.

இங்கே எடுத்துக்கொள்வது ஒரே ஒரு சுற்று: 24 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும் பக் கன்வெர்ட்டர். வெளியீட்டு மின்னோட்டம் 2 ஆம்பியர், சுவிட்ச்சிங் 50 கிலோ ஹெர்ட்ஸ். மூன்று மணி நேர வகுப்புகள் நான்கு, ஒரு மேசைக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொண்டால் நிதானமாக முடிக்கலாம். மூன்றாவது ஆள் வந்தால் வேடிக்கைதான் பார்ப்பார்.

முறையிலும் ஒரே ஒரு விதி. பவர் கொடுப்பதற்கு முன் வரவேண்டிய எண்ணை நோட்டில் மையால் எழுதுங்கள். பிறகு அளந்து பாருங்கள். இரண்டும் எங்கே பிரிகின்றனவோ அங்கேதான் பாடம் இருக்கிறது.

முதலில் கணக்கு

டியூட்டி 0.5. டியூட்டி என்பது ஒரு சுழற்சியில் மாஸ்ஃபெட் ஆனாக இருக்கும் பங்கு. இண்டக்டர் 220 மைக்ரோ ஹென்றி. அதில் ஏறி இறங்கும் ரிப்பிள் மின்னோட்டம் = வெளியீட்டு வோல்டேஜ் × (1 − டியூட்டி) ÷ (இண்டக்டன்ஸ் × அதிர்வெண்). அதாவது 12 × 0.5 ÷ (220 மைக்ரோ × 50,000) = 12 × 0.5 ÷ 11 = 0.55 ஆம்பியர். 2 ஆம்பியர் லோடில் உச்சம் 2.27 ஆம்பியர் வரை போகும். ஆகவே குறைந்தது 4 ஆம்பியர் வரை சாச்சுரேட் ஆகாத (கோர் நிறைந்து இண்டக்டன்ஸை இழக்காத) இண்டக்டர் வேண்டும். பட்டியலில் "3 ஆம்பியர்" என்று மட்டும் போட்டிருந்தால், அது சூடாகும் வரம்பா சாச்சுரேஷன் வரம்பா என்று டேட்டாஷீட்டில் பாருங்கள். இரண்டும் வேறு வேறு எண்கள்.

வெளியீட்டுக் கெபாசிட்டர் 220 மைக்ரோ ஃபாரட். கெபாசிட்டன்ஸை மட்டும் கணக்கில் எடுத்தால் ரிப்பிள் வோல்டேஜ் = 0.55 ÷ (8 × 50,000 × 220 மைக்ரோ), சுமார் 6 மில்லி வோல்ட். சாதாரண எலக்ட்ரோலிட்டிக்கின் உள்மின்தடை, அதாவது ஈஎஸ்ஆர், 0.1 ஓம் என்று வைத்தால் அதுமட்டுமே 55 மில்லி வோல்ட் தரும். ஆக, திரையில் தெரியப்போவது ஈஎஸ்ஆரின் முக்கோண அலை. கெபாசிட்டன்ஸை இரட்டிப்பாக்குவதைவிட ஈஎஸ்ஆரைக் குறைப்பதே பலன் தரும் என்பதைக் கட்டும் முன்பே இந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது.

அடுத்து இழப்புகள். ஐஆர்எஃப்540என் மாஸ்ஃபெட்டின் ஆன் மின்தடை 44 மில்லி ஓம். 2 ஆம்பியரில், பாதி நேரம் மட்டும் கடத்தும்போது 0.09 வாட். திறந்து (ஆன்) மூடும் (ஆஃப்) நேரங்கள் சேர்ந்து 100 நானோ விநாடி என்று எடுத்தால் சுவிட்ச்சிங் இழப்பு 0.12 வாட். ஷாட்கி டையோடு 0.6 வோல்ட் விழுத்தி மீதிப் பாதி நேரம் கடத்துகிறது: 0.6 வாட். இண்டக்டர் கம்பியின் 0.08 ஓம் மின்தடையில் 0.32 வாட். அதிகம் சூடாகப்போவது டையோடு. டிஓ-220 உறையில் ஹீட்சிங்க் இல்லாமல் ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 60 டிகிரி ஏறும். அப்படியானால் மாஸ்ஃபெட் 13 டிகிரியும் டையோடு 36 டிகிரியும் ஏற வேண்டும். இந்த இரண்டு எண்களையும் எழுதி வையுங்கள்.

கடைசியாக வெளியீட்டு வோல்டேஜ். பாடப்புத்தகம் 12 என்கிறது. டையோடு 0.3, இண்டக்டர் 0.16, மாஸ்ஃபெட் 0.04 வோல்ட் கழித்தால் 11.5. மீட்டரில் சரியாக 12.0 வந்தால் மகிழ வேண்டாம். எங்கோ டியூட்டி தவறாக இருக்கிறது.

தேவையான பொருட்கள்

• ஐஆர்எஃப்540என் மாஸ்ஃபெட், எம்பிஆர்1060 ஷாட்கி டையோடு (60 வோல்ட், 10 ஆம்பியர்): இரண்டிலும் ஒரு உதிரி
• 220 மைக்ரோ ஹென்றி இண்டக்டர், 4 ஆம்பியர் வரை சாச்சுரேட் ஆகாதது
• ஐஆர்2110 கேட் டிரைவர் (மாஸ்ஃபெட்டின் கேட்டை இயக்கும் சில்லு), 14 கால் சாக்கெட்டோடு
• பூட்ஸ்டிராப் பாதைக்கு (சோர்ஸைவிட உயர்ந்த கேட் வோல்டேஜைத் தரும் பாதை) யுஎஃப்4007 டையோடு, 1 மைக்ரோ ஃபாரட் செராமிக் கெபாசிட்டர்
• மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கு (ஆன்-ஆஃப் செய்யும் கால்) தொடராக 10 ஓம், கேட்டுக்கும் சோர்ஸுக்கும் (மின்னோட்டம் வெளியேறும் கால்) இடையில் 10 கிலோ ஓம்
• உள்ளீட்டில் 470 மைக்ரோ ஃபாரட் 50 வோல்ட், அதோடு 1 மைக்ரோ ஃபாரட் செராமிக்
• வெளியீட்டில் 220 மைக்ரோ ஃபாரட், 35 வோல்ட்
• லோடுக்கு அலுமினிய உறை கொண்ட 12 ஓம், 100 வாட் மின்தடைகள் இரண்டு, ஹீட்சிங்கில் பொருத்தியவை
• நிரந்தரமாக வெளியீட்டில் இருக்க 220 ஓம், 5 வாட்

12 வோல்ட் வெளியீட்டுக்கு 16 வோல்ட் கெபாசிட்டர் போதாதா என்று கட்டாயம் கேட்பார்கள். போதாது. லோடு கழன்றால் இந்தச் சுற்றின் வெளியீடு 24 வோல்ட்டை நோக்கி ஏறும். 16 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் வீங்கிப் புகையும். அதைத் திருப்பிப் போட்டாலும் இதே கதிதான். கண்ணாடி அணியாமல் மேசைக்கு வரக்கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

பூட்ஸ்டிராப்பில் யுஎஃப்4007-க்குப் பதில் 1என்4007 போடத் தோன்றும். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அது மைக்ரோ விநாடிக் கணக்கில் தாமதமாக அணையும் டையோடு. நம் சுழற்சியே 20 மைக்ரோ விநாடிதான். கெபாசிட்டரில் ஏற்றிய மின்னூட்டம் பின்வழியாக ஒழுகிவிடும்.

கட்டுவது

பிரெட்போர்டு வேண்டாம். அதன் தொடர்பு மின்தடையும் நீண்ட கம்பிகளின் இண்டக்டன்ஸும் சுற்றைவிடப் பெரிய பிரச்சினைகளாகிவிடும். துளைப் பலகையில் குட்டையான, தடித்த இணைப்புகளோடு சாலிடர் செய்யுங்கள்.

இதில் ஒரு வளையத்தை மட்டும் தீவிரமாகக் கவனிக்க வேண்டும்: உள்ளீட்டு செராமிக் கெபாசிட்டர், மாஸ்ஃபெட், டையோடு, மறுபடி கெபாசிட்டர். 2 ஆம்பியர் இந்த வளையத்தில்தான் நானோ விநாடிகளில் தோன்றி மறைகிறது. வளையத்தில் 50 நானோ ஹென்றி இருந்து, மின்னோட்டம் 20 நானோ விநாடியில் நின்றால் 5 வோல்ட் கூடுதலாகத் துள்ளும். ஒரு மில்லிமீட்டர் கம்பிக்கு ஏறத்தாழ 1 நானோ ஹென்றி என்று வைத்துக்கொண்டால், 5 சென்டிமீட்டர் கம்பியே இதைச் செய்துவிடும். முதலில் இந்த மூன்று பாகங்களையும் ஒட்டி வைத்துச் சாலிடர் செய்துவிட்டு மற்றதை அதைச் சுற்றி அமையுங்கள். இண்டக்டர் கொஞ்சம் தள்ளி இருந்தால் குற்றமில்லை.

டிரைவரின் கால்கள்: 3-இல் 15 வோல்ட், 2 கிரவுண்டு. 9-இல் மைக்ரோகண்ட்ரோலரின் வோல்டேஜ், 3.3 அல்லது 5. 10-இல் மைக்ரோகண்ட்ரோலர் தரும் பிடபிள்யூஎம் (டியூட்டியைச் சுமக்கும் சதுர அலை) உள்ளீடு. 11, 12, 13 மூன்றும் கிரவுண்டில். 7-இலிருந்து 10 ஓம் வழியாகக் கேட்டுக்கு. 5 மாஸ்ஃபெட்டின் சோர்ஸுக்கு. 5-க்கும் 6-க்கும் இடையில் பூட்ஸ்டிராப் கெபாசிட்டர். 15 வோல்ட்டிலிருந்து 6-க்கு யுஎஃப்4007, வெள்ளைக் கோடு 6-வது காலின் பக்கம்.

மாணவர்கள் அதிக நேரத்தைத் தொலைக்கும் இடம் 9-வது கால். "எல்லாம் 15 வோல்ட்தானே" என்று அதையும் 15-இல் இணைத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் உள்ளீட்டை உயர்நிலை என்று ஏற்க 9.5 வோல்ட் தேவைப்படும். மைக்ரோகண்ட்ரோலர் தரும் 3.3-ஐ டிரைவர் கண்டுகொள்ளவே செய்யாது. எதுவும் சூடாகாது, எதுவும் புகையாது, கேட்டும் அசையாது. 11-வது காலைத் தொங்கவிட்டாலும் நிலைமை நம்பகமில்லாமல் போகும். சில நேரம் ஓடும், கை அருகே போனால் நின்றுவிடும்.

24 வோல்ட் இல்லாமல் கேட்டைப் பார்ப்பது

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் உதிரி மாஸ்ஃபெட்டைத் தேடுகிறார்கள்.

1. 24 வோல்ட் கம்பிகளைக் கழற்றி வையுங்கள். இரண்டு 12 ஓம் லோடுகளும் இணைந்திருக்கட்டும். அவையும் இண்டக்டரும் வழியாகத்தான் மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் கிரவுண்டில் உட்கார்ந்து, பூட்ஸ்டிராப் கெபாசிட்டர் நிரம்புகிறது.

2. 15 வோல்ட் சப்ளையில் மின்னோட்ட வரம்பு 0.1 ஆம்பியர். இணைத்ததும் சில மில்லி ஆம்பியர் மட்டுமே போக வேண்டும். வரம்பில் முட்டினால் டிரைவரைத் தலைகீழாகச் செருகியிருக்கிறீர்கள்.

3. பிடபிள்யூஎம் 50 கிலோ ஹெர்ட்ஸ், டியூட்டி 0.5. டைமர் கடிகாரம் 72 மெகா ஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுழற்சிக்கு 1440 எண்ணிக்கை. ஒரு எண்ணிக்கையின் மதிப்பு 24 ÷ 1440, அதாவது 17 மில்லி வோல்ட். அதைவிட நுணுக்கமாக வெளியீட்டை நகர்த்த முடியாது.

4. கேட்டில் 0 முதல் 14 வோல்ட் வரை சதுர அலை தெரிய வேண்டும். டியூட்டியைக் கோடில் நம்பாமல் திரையிலேயே அளந்து குறியுங்கள்.

கேட் அசையவே இல்லையென்றால் பூட்ஸ்டிராப் டையோடு திரும்பியிருக்கலாம்; 10 வோல்ட்டுக்கும் குறைவான, சாய்ந்த தலை கொண்ட அலை தெரிந்தால் பூட்ஸ்டிராப் கெபாசிட்டர் மிகச் சிறியது. ஐஆர்எஃப்540என் ஒரு முறை திறக்க 71 நானோ கூலும் வரை கேட்டுக்குக் கேட்கும். 1 மைக்ரோ ஃபாரட் அதைத் தரும்போது 0.07 வோல்ட்தான் விழும். 0.01 மைக்ரோ ஃபாரட்டை மாற்றிப் போட்டிருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆசிலோஸ்கோப்பின் கருப்பு கிளிப்

புரோபின் கிரவுண்டு கிளிப் கருவியின் உடல் வழியாகச் சுவர் பிளக்கின் எர்த்தோடு இணைந்திருக்கிறது. மைக்ரோகண்ட்ரோலர் யுஎஸ்பி வழியாகக் கணினியில் இருந்தால், சுற்றின் கிரவுண்டும் பெரும்பாலும் அதே எர்த்தில் இருக்கும். கேட்-சோர்ஸ் வோல்டேஜைப் பார்க்கிறேன் என்று கிளிப்பை மாஸ்ஃபெட்டின் சோர்ஸில் மாட்டினால், சுவிட்ச் முனையை (மாஸ்ஃபெட், டையோடு, இண்டக்டர் மூன்றும் சேரும் இடம்) எர்த்துக்கு ஷார்ட் செய்கிறீர்கள். மாஸ்ஃபெட் அடுத்த முறை திறக்கும்போது 24 வோல்ட் முழுவதும் அந்தக் கிளிப் வழியாகப் பாயும்.

சரியான வழிகள் இரண்டு. டிஃபரன்ஷியல் புரோப் இருந்தால் அது. இல்லையென்றால் இரண்டு புரோப்களின் கிளிப்களையும் கிரவுண்டில் வைத்து, முனைகளைக் கேட்டிலும் சோர்ஸிலும் தொட்டு, கருவியின் கழித்தல் வசதியில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழியுங்கள். ஆசிலோஸ்கோப்பின் எர்த் காலை வெட்டி "மிதக்க" விடுவது மூன்றாவது வழியல்ல. கருவியின் உலோக உடலே சுவிட்ச் முனையின் வோல்டேஜுக்கு ஏறிவிடும். இன்று 24 வோல்ட், அடுத்த பருவத்தில் இன்வெர்ட்டர் பாடத்தில் 300 வோல்ட்.

அதே கிளிப்பின் 15 சென்டிமீட்டர் கம்பி இன்னொரு தொல்லையும் தரும். கூர்மையான விளிம்புகளில் இல்லாத துள்ளலை அது திரையில் காட்டும். ரிப்பிள் அளக்கும்போது கம்பியைக் கழற்றிவிட்டு, புரோப் முனையில் மாட்டும் சிறு ஸ்பிரிங்கால் கெபாசிட்டரின் இரு கால்களையும் நேராகத் தொடுங்கள். 300 மில்லி வோல்ட் என்று பதறவைத்த ஊசிகள் மறைந்து, முன்பு எழுதிய 55 மில்லி வோல்ட் முக்கோணம் வெளியே வரும்.

முதல் பவர்

வரிசை மாறக்கூடாது. முதலில் 15 வோல்ட், பிறகு பிடபிள்யூஎம், கடைசியாக உள்ளீட்டுப் பவர். அணைக்கும்போது நேர் எதிர். உள்ளீட்டை அணைத்த பிறகு கெபாசிட்டர்கள் 1 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதை மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்கலாம்.

உள்ளீட்டு சப்ளை 8 வோல்ட்டில், வரம்பு 0.5 ஆம்பியரில் இருக்கட்டும். டியூட்டி 0.5, லோடு 6 ஓம். வெளியீடு 3.7 வோல்ட்டுக்கு அருகே வர வேண்டும். சப்ளை வரம்பில் முட்டி, வெளியீடு 3 வோல்ட்டை ஒட்டி நின்றால் மாஸ்ஃபெட் ஷார்ட். வரம்பில் முட்டி, வெளியீடு 1 வோல்ட்டைக்கூட எட்டாவிட்டால் டையோடு திரும்பியிருக்கிறது. சரியாக வந்தால் வரம்பை 1.5 ஆம்பியராக்கி 12, 18, 24 என்று ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் அரை நிமிடம் நின்று வெப்பத்தைப் பாருங்கள். அகச்சிவப்பு வெப்பமானி போதும். பளபளப்பான உலோகத்தில் அது பொய் சொல்லும் என்பதால் ஒரு துண்டு கருப்பு டேப்பை ஒட்டி அதன்மேல் அளங்கள். மாஸ்ஃபெட்டின் உலோகத் தகடு டிரெயின், அதாவது 24 வோல்ட். விரலால் சோதிக்க வேண்டாம்.

24 வோல்ட்டை இணைத்துவிட்டு டியூட்டியை ஒரேயடியாக 0.5-க்குத் தாவவிடக் கூடாது. காரணம் இண்டக்டரிலும் கெபாசிட்டரிலும் இருக்கிறது. 220 மைக்ரோ ஹென்றியும் 220 மைக்ரோ ஃபாரட்டும் சேர்ந்தால் அவற்றின் இயல்பு மின்தடுப்பு சரியாக 1 ஓம். 12 வோல்ட் படியை அதன்மேல் ஏவினால் மின்னோட்டம் ஒரு நொடிப்பொழுதுக்கு 12 ஆம்பியரை எட்டப் பார்க்கும். இண்டக்டர் அதற்கு முன்பே சாச்சுரேட் ஆகி, வெறும் கம்பியாகிவிடும். டியூட்டியை 50 மில்லி விநாடியில் மெல்ல ஏற்றும் நான்கு வரிக் கோடு இதைத் தடுக்கும்.

அலையை வாசிப்பது

மேலே ஒரு சேனலில் சுவிட்ச் முனை, கீழே கரண்ட் புரோபில் இண்டக்டர் மின்னோட்டம். புரோபை முதலில் டீகாஸ் செய்து (மீதக் காந்தத்தை நீக்கி) பூஜ்யத்தில் வையுங்கள். முக்கோணத்தின் உச்சிக்கும் அடிக்கும் இடையில் 0.55 ஆம்பியர் இருக்கிறதா? 0.7 இருந்தால் இண்டக்டன்ஸ் குறைவு. ஏறும் கோடு முடிவில் மேல்நோக்கி வளைந்தால் கோர் சாச்சுரேட் ஆகத் தொடங்கியிருக்கிறது, லோடைக் குறையுங்கள்.

கரண்ட் புரோப் இல்லாத மேசையில் கிரவுண்டுப் பாதையில் 0.1 ஓம் ஷண்ட் (மின்னோட்டம் அளக்கும் சிறு மின்தடை) போடுவார்கள். அங்கே ஒரு கண்ணி உண்டு. ஷண்டின் ஒரு பக்கம் ஆசிலோஸ்கோப் கிளிப், மறுபக்கம் மைக்ரோகண்ட்ரோலரின் கிரவுண்டு என்றால், யுஎஸ்பியும் எர்த்தும் சேர்ந்து ஷண்டைச் சுற்றி இன்னொரு பாதை போட்டுவிடும். எண் குறைவாகத் தெரியும், ஏனென்று புரியாது.

விளிம்பில் துள்ளல் அதிகமாக இருந்தால் டையோடுக்கு இணையாக ஸ்னப்பர் (துள்ளலைத் தணிக்கும் மின்தடை-கெபாசிட்டர் தொடர்) போடலாம். மதிப்பைக் குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். துள்ளலின் அதிர்வெண் பாதியாகும் வரை டையோடுக்கு இணையாகச் சிறு கெபாசிட்டர்களைச் சேர்த்துக்கொண்டே போங்கள். அப்போது சேர்த்த கெபாசிட்டன்ஸ், சுற்றில் ஏற்கெனவே ஒளிந்திருந்ததைப்போல் மூன்று மடங்கு. அதிலிருந்து ஒளிந்திருக்கும் இண்டக்டன்ஸையும், அதிலிருந்து ஸ்னப்பர் மின்தடையையும் கணக்கிடலாம்.

லோடைக் குறைக்கும்போது

இந்த ஆய்வில் மாணவர் மறக்கவே முடியாத பகுதி இதுதான். ரிப்பிளில் பாதி 0.27 ஆம்பியர். சராசரி மின்னோட்டம் அதற்குக் கீழே போனால், அதாவது மொத்த லோடு 44 ஓமைத் தாண்டினால், இண்டக்டர் ஒவ்வொரு சுழற்சியிலும் காலியாகி நிற்கும். "டியூட்டி × உள்ளீடு" என்ற சூத்திரம் அங்கே செல்லாது. 12 ஓம் மின்தடைகளைக் கழற்றிவிட்டு நிரந்தர 220 ஓமை மட்டும் விடுங்கள். டியூட்டியைத் தொடாமலே வெளியீடு 18.4 வோல்ட்டுக்கு ஏற வேண்டும் என்பது கணக்கு. அதை முன்கூட்டி எழுதி வைத்தவர் மீட்டர் ஏறுவதைப் பார்த்துச் சிரிப்பார், எழுதாதவர் பதறி அணைப்பார்.

சுவிட்ச் முனையில் இப்போது மூன்றாவது கட்டம் ஒன்று தெரியும்: வெளியீட்டு வோல்டேஜை நடுவாக வைத்து அலைந்து தணியும் ஒரு சைன் அலை. அது பழுது அல்ல. காலியான இண்டக்டர் சுவிட்ச் முனையின் சிறு கெபாசிட்டன்ஸோடு ஆடும் ஆட்டம்.

220 ஓமையும் கழற்றினால் வெளியீடு 24-ஐ நெருங்கும். டையோடு கடத்தும் நேரமே இல்லாமல் போகும். சுவிட்ச் முனை கிரவுண்டுக்கு இறங்காததால் பூட்ஸ்டிராப் நிரம்பாது. அதன் வோல்டேஜ் 8-ஐ ஒட்டி இறங்கியதும் டிரைவர் தானே அணைந்துவிடும். வெளியீடு மெல்ல வடிந்ததும் மறுபடி விழிக்கும். இந்த விக்கலைத் தவிர்க்கத்தான் அந்த 5 வாட் மின்தடை.

செயல்திறன் அளப்பது

சப்ளையின் முகப்பு எண்ணை எழுதாதீர்கள். போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் தலா 0.1 ஓம் என்றால் 2 ஆம்பியரில் 0.4 வோல்ட் போய்விடும். 12-இல் அது 3 சதவீதத்துக்கும் மேல். வோல்ட்மீட்டர்களைப் பலகையின் முனைகளிலேயே சாலிடர் செய்த தனிக் கம்பிகளில் மாட்டுங்கள்.

உள்ளீட்டு மின்னோட்டத்துக்குச் சராசரி வேண்டும், ஆர்எம்எஸ் கூடாது. மாஸ்ஃபெட் வழியே போவது பாதி நேரம் 2, பாதி நேரம் 0. சராசரி 1 ஆம்பியர், ஆர்எம்எஸ் 1.41. தவறானதை எடுத்தால் 95 சதவீதக் கன்வெர்ட்டர் 67 சதவீதமாகத் தெரியும். மாணவர் டையோடை மாற்றிக்கொண்டே இருப்பார்.

இழப்புக் கணக்கின்படி வரவேண்டியது 95 சதவீதம். கோர் இழப்பும் கெபாசிட்டர் இழப்பும் அதில் சேராததால் அளவு சற்றுக் குறைந்தே வரும். 98 வந்தால் மீட்டரைச் சந்தேகியுங்கள், 85 வந்தால் சுற்றை.

டியூட்டியை 0.2-லிருந்து 0.8 வரை மாற்றும் அட்டவணைக்கு ஒரே ஒரு 12 ஓம் லோடு போதும். 6 ஓமோடு 0.8-க்குப் போனால் 3.2 ஆம்பியர், 60 வாட்டுக்கு மேல். நாம் வடிவமைத்தது அதற்கல்ல.

வேண்டுமென்றே கெடுப்பது

சுற்று நன்றாக ஓடிய பிறகு ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் முன்கணிப்பு எழுதி, இரண்டு நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். கேட் மின்தடையை 10-லிருந்து 100 ஓமாக்கினால் விளிம்புகள் சாயும், துள்ளல் அடங்கும், மாஸ்ஃபெட் சூடாகும். ஷாட்கிக்குப் பதில் 1என்4007 போடும் சோதனையை 8 வோல்ட்டில், ஒற்றை 12 ஓம் லோடில், வரம்பை 0.5 ஆம்பியரில் வைத்து மட்டும் செய்யுங்கள். அணைய மறுக்கும் டையோடு வழியாக மாஸ்ஃபெட் ஒவ்வொரு முறையும் கிரவுண்டுக்கு ஒரு கணம் ஷார்ட் ஆவது மின்னோட்டத்தில் ஊசியாகத் தெரியும். உள்ளீட்டு செராமிக்கைக் கழற்றினால் என்ன நடக்கும் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை.

லூப்பை மூடுவது

வெளியீட்டை அளந்து டியூட்டியைத் தானே திருத்தச் செய்வதுதான் லூப்பை மூடுவது. வெளியீட்டை 10 கிலோ ஓம், 2.7 கிலோ ஓம் பகுப்பான் வழியாக மைக்ரோகண்ட்ரோலருக்குக் கொண்டுவாருங்கள். 12 வோல்ட் 2.55 ஆகும். வெளியீடு 24-க்கு ஏறினால் அது 5.1, 3.3 வோல்ட் உள்ளீடு தாங்காது. கிளாம்ப் டையோடு (வோல்டேஜை வரம்புக்குள் நிறுத்துவது) ஒன்றை மறக்காமல் போடுங்கள். சாம்பிள் எடுக்கும் தருணம் சுவிட்ச் திறக்கும் விளிம்பிலோ மூடும் விளிம்பிலோ விழக்கூடாது, ஆன் நேரத்தின் நடுவில் விழட்டும்.

இண்டக்டரும் கெபாசிட்டரும் 723 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்கின்றன. முதல் முயற்சிக்கு வெறும் இன்டெக்ரல் கட்டுப்பாடு (பிழையைக் கூட்டிக்கொண்டே போய் டியூட்டியைத் திருத்துவது) போதும். குறுக்குவெட்டு அதிர்வெண்ணை (லூப்பின் பெருக்கம் 1 ஆகும் இடம்) 70 ஹெர்ட்ஸுக்கு அருகே வைத்தால் தள்ளாடாது. வேகம் வேண்டுமானால் அதன்பின் கணக்கோடு ஏற்றலாம். டியூட்டிக்கு மேல்வரம்பு 0.9, ஏனென்றால் பூட்ஸ்டிராப் நிரம்ப ஒவ்வொரு சுழற்சியிலும் கொஞ்சம் அணைந்த நேரம் வேண்டும். இன்டெக்ரேட்டரும் அதே வரம்பில் நிற்க வேண்டும், இல்லையேல் எண் உள்ளுக்குள் வளர்ந்துகொண்டே போகும்.

ஃபீட்பேக் கம்பி கழன்றால் கட்டுப்பாட்டுக்கு வெளியீடு பூஜ்யமாகத் தெரியும். டியூட்டியை உச்சிக்குத் தள்ளும். ஆகவே, டியூட்டி 0.3-க்கு மேல் இருந்தும் அளந்த வெளியீடு 1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் பிடபிள்யூஎம்மை அணைத்துவிடும் வரியை, லூப்பை முதன்முதலாக ஓட்டும் முன்பே எழுதுங்கள். பிறகு 8 வோல்ட் உள்ளீட்டில், குறி 3.5 வோல்ட்டில் தொடங்குங்கள். நிலைத்ததும் கம்பியை உருவி அந்த வரி வேலை செய்கிறதா என்று பாருங்கள். செய்தால் 24-க்கு ஏறி, இரண்டாவது 12 ஓமைச் சுவிட்ச் வழியாக இணைத்துக் கழற்றி, வெளியீடு எவ்வளவு சரிகிறது, எத்தனை மில்லி விநாடியில் மீள்கிறது என்று திரையில் பிடியுங்கள்.